மீன் வரிசையில் ஒரு கேள்வி

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில், இறைச்சி விலக்கும் வெள்ளிக்கிழமைதோறும் ஹார்ஸ்லி ஊரின் தீயணைப்பு நிலையத்தில் வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே மீன் பொரிப்பார்கள். தேர்தல் ஆண்டென்றால் மீனுக்குப் பின்னாலேயே வேட்பாளர்களும் வந்துவிடுவார்கள். பென்சில்வேனியாவின் இந்த மூலையில், எண்ணெய் கசியும் காகிதத் தட்டோடு படம் எடுத்துக்கொள்ளாத யாரும் எந்தப் பதவிக்கும் வந்ததில்லை. படம் எடுத்த பிறகு அந்தத் தட்டு எந்தக் குப்பைத் தொட்டிக்குப் போனது என்று யாரும் விசாரித்ததும் இல்லை.

ரீட்டா பவ்லாக் மட்டும் விசாரித்திருக்கிறாள். ‘ஹார்ஸ்லி ஸ்டாண்டர்ட்’ நாளிதழின் அரசியல் நிருபர் அவள். ஒரு செனட்டர் கடிக்காமலே வீசிவிட்டுப் போன மீனைப் பற்றி முன்பொரு முறை எழுதினாள்; செனட்டர் தோற்றார். மீனால்தான் தோற்றார் என்று சொல்ல முடியாது, ஆனால் மீன் அவருக்கு உதவவில்லை. அன்றிலிருந்து ஊரில் எந்தச் செய்தி வந்தாலும் “ரீட்டா எழுதியிருக்காளா?” என்று கேட்டுவிட்டுத்தான் நம்புவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். ஸ்டாண்டர்டிடம் மிச்சமிருந்த சொத்து அந்தப் பெயர் ஒன்றுதான். அச்சு இயந்திரத்தை எப்போதோ விற்றாகிவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை மீன் தின்ன வந்தவர் எலைன் பிராண்ட், வாஷிங்டனில் அந்தத் தொகுதியின் பிரதிநிதி. ரீட்டாவுக்கு அவரைப் பிடிக்காது. அவருடைய உதவியாளர்கள் ரீட்டாவின் அழைப்புகளுக்குப் பதில் சொல்வதில்லை. சொன்னாலும் அதில் பதில் இருப்பதில்லை. வாக்குச்சீட்டில் அவர் பெயருக்கு நேரே ரீட்டா ஒருமுறைகூடக் குறி போட்டதில்லை. இதை இங்கேயே சொல்லிவைப்பது நல்லது. பின்னால் ஊரில் பாதிப்பேர் ரீட்டாவை அந்த அம்மாவின் கைக்கூலி என்றார்கள். மறுபாதி, எதிர் வேட்பாளரின் கைக்கூலி என்றது.

பிராண்ட் மேசை மேசையாகக் கைகுலுக்கிக்கொண்டு வந்தபோது, ஸ்டான் ஹ்ருஸ்கா எழுந்து நின்றார். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஊர் மருத்துவமனையை நடத்தும் கம்பெனி இலையுதிர் காலத்தில் அவசர சிகிச்சைப் பிரிவை மூடிவிட்டது. குளிர்காலத்தில் அவர் மனைவி ஐரீனுக்கு மூளையில் ரத்தக்கட்டு வந்தது. பனியில் நாற்பது மைல் தள்ளியிருந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். ஐரீன் பிழைத்துக்கொண்டாள்; பேச்சு திரும்பவில்லை.

“ஏம்மா, அவசர சிகிச்சைய மூடிட்டுப் போயிட்டாங்க. நீங்க என்ன பண்ணீங்க?”

பிராண்ட் அவர் தோளில் கைவைத்தார். அந்தக் கம்பெனியின் தலைவருக்குத் தானே ஃபோன் செய்ததாகச் சொன்னார். “அந்த மனுஷன் என்ன சொன்னான் தெரியுமா?” என்று கேட்டுவிட்டு, முகவாயைத் தூக்கி, மூக்கால் பேசி, அவனைப் போலவே நடித்துக் காட்டினார்: “நாப்பது மைல்தானே? ஏன், அவங்ககிட்ட கார் இல்லையா?”

நடிப்பு நன்றாகவே இருந்தது. சுற்றி இருந்தவர்கள் கசப்போடு சிரித்தார்கள். ஸ்டான் சிரிக்கவில்லை.

“சரி. அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?”

பிராண்ட் தன் தட்டைப் பார்த்தார். “மீன் ரொம்ப அருமை” என்றார். அடுத்த மேசைக்கு நகர்ந்துவிட்டார்.

மூன்றடி தூரத்தில், வாய் நிறைய உருளைக்கிழங்கோடு நின்றுகொண்டிருந்த ரீட்டா இவ்வளவையும் பார்த்தாள். ஊரில் இருந்த ஒரே நிருபர் அவள்தான். ஆனால் கைபேசிகள் நிறைய இருந்தன. அவற்றில் ஒன்று எதிர் வேட்பாளரின் பிரசார ஆள் ஒருவனுடையது. மறுநாள் காலை நாடு முழுக்க ஓடிய காட்சித் துண்டில் பிராண்டின் தூக்கிய முகவாய் இருந்தது, “நாப்பது மைல்தானே? ஏன், அவங்ககிட்ட கார் இல்லையா?” இருந்தது. அதற்கு முன்னும் ஒன்றும் இல்லை, பின்னும் ஒன்றும் இல்லை.

ஸ்டாண்டர்டின் ஆசிரியர் கிரஹாம் விட்லாக். ஞாயிறுதோறும் ஒரு கட்டுரை எழுதுவார். ஜனநாயகம், இருள், விளக்கு என்ற மூன்று சொற்களும் வராத கட்டுரையை அவர் எழுதியதில்லை. விளக்கை யார் ஏந்தியிருக்கிறார் என்பதைப் படிப்பவர்களே ஊகித்துக்கொள்ளலாம். பக்கத்தில் அவர் படம் இருக்கும். அன்று காலை ஒரு தேசியத் தொலைக்காட்சி அவரைப் பேச அழைத்திருந்தது. வாழ்நாளில் முதல் அழைப்பு. மனிதர் வீட்டிலிருந்து இரண்டு கழுத்துப்பட்டைகளோடு அலுவலகத்துக்கு வந்திருந்தார்.

ரீட்டா நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தாள். ஸ்டானின் கேள்வி, நடிப்பு, மறுபடி ஸ்டானின் கேள்வி, மீன் அருமை. கிரஹாம் அதை வாங்கிக்கொண்டு அறைக்குள் போனார். திரும்பி வந்தபோது தலைப்பு மாறியிருந்தது: ‘கார் இல்லையா?’ — தொகுதி மக்களைக் கேலி செய்தார் பிராண்ட். அது கம்பெனித் தலைவரின் வாசகம் என்பது கடைசிப் பத்திக்குப் போயிருந்தது. அதுவும் ‘என்று அவருடைய ஆதரவாளர்கள் கூறுகின்றனர்’ என்ற வாலோடு. ஸ்டானின் இரண்டாவது கேள்வி எங்கும் இல்லை.

ரீட்டா அதை இரண்டு முறை படித்தாள். தான் காதால் கேட்டதை ஆதரவாளர்கள் கூறுவதாகப் போட்டிருக்கிறதே, தான் எப்போது அந்த அம்மாவுக்கு ஆதரவாளர் ஆனோம் என்று கேட்டாள். அது சமநிலைக்காக என்றார் கிரஹாம்.

“நாடே இதைத்தான் பேசுது ரீட்டா.”

“நாடு அங்க இல்ல கிரஹாம். நான் இருந்தேன்.”

“அதனாலதான் உன் பேரு வேணும். ‘சம்பவ இடத்தில் இருந்த எங்கள் நிருபர்’. எவ்வளவு பெரிய பலம் தெரியுமா?”

ஸ்டாண்டர்டின் தொழிற்சங்க ஒப்பந்தத்தில் ஒரு பழைய விதி உண்டு. நிருபர் வேண்டாமென்று சொன்னால் அவர் பெயரைச் செய்தியின் மேல் போடக் கூடாது. செய்தியை ஆசிரியர் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம், பெயர் நிருபருடையது. ஒரு நிருபர் கோபத்தின் உச்சியில் செய்யக்கூடிய காரியம் அது ஒன்றுதான். சம்பளம் வெட்டப்படாது, கதவு உடைபடாது. ஆனால் தொழில் தெரிந்தவர்களுக்கு அது நடு அறையில் வைத்துக் கன்னத்தில் அறைவதற்குச் சமம்.

“என் பேரை எடுத்துடுங்க” என்றாள் ரீட்டா.

சங்கப் பிரதிநிதியாக இருந்தவள் பெவ் சடோவ்ஸ்கி. இரங்கல் செய்திப் பக்கத்தைப் பார்த்துக்கொள்பவள். ஒப்பந்தத்தைத் தேடி எடுத்து, தூசி தட்டி, கிரஹாமின் மேசையில் விரித்துக் காட்டிவிட்டு வந்தாள். “என் பக்கத்துல வர்றவங்க யாரும் பேரை எடுக்கச் சொன்னதே இல்லடி. நீ உசுரோட இருந்துக்கிட்டு இந்தப் பாடு படுத்துற” என்றாள்.

செய்தி ‘நமது நிருபர்’ என்று வந்தது. ஊரில் வழக்கம்போலக் கேட்டார்கள், ரீட்டா எழுதியிருக்காளா என்று. இல்லை என்றதும், தங்களுக்கு ஏற்கெனவே பிடித்ததை நம்பிக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை வேறொரு கைபேசியிலிருந்து கொஞ்சம் நீளமான காட்சி வெளிவந்தது. இதில் “அந்த மனுஷன் என்ன சொன்னான் தெரியுமா?” தெளிவாக இருந்தது. நடிப்பும் இருந்தது, சிரிப்பும் இருந்தது. சிரிப்போடு முடிந்துவிட்டது. முதல் காட்சியைக் கொண்டாடிய தொலைக்காட்சி அதற்குப் பிறகு ஹார்ஸ்லி என்ற ஊரே பூமியில் இல்லாததுபோல் நடந்துகொண்டது. எதிர்த் தொலைக்காட்சி ஊரை உடனே கண்டுபிடித்தது. அதன் கதையில் பிராண்ட், பணமுதலைகளை நடுச்சபையில் அம்பலப்படுத்திய வீராங்கனை, காட்சியை வெட்டியவர்கள் சதிகாரர்கள்.

அந்தத் தொலைக்காட்சியும் கிரஹாமை அழைத்தது. சனிக்கிழமை சிவப்புக் கழுத்துப்பட்டையில் பிராண்டின் ஆணவத்தைக் கண்டித்தவர், திங்கட்கிழமை நீலக் கழுத்துப்பட்டையில், அதே புத்தக அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்து, உண்மையைத் துண்டாடுகிறவர்களைக் கண்டித்தார். இரண்டு முறையும் விளக்கு வந்தது.

அன்று மாலை ரீட்டாவின் பழைய செய்தியைத் தூக்கிக்கொண்டு அவரே அவள் மேசைக்கு வந்தார். நீ சொன்னது சரி என்று பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார். இப்போது முழுசாகப் போடலாம், பெயரோடு போடலாம், முதல் பக்கத்தில் போடலாம். அவள் வாங்கிப் பார்த்தாள். நடிப்பு முதல் பத்திக்கு ஏறியிருந்தது. ஸ்டானின் இரண்டாவது கேள்வியைக் காணோம். மீனையும் காணோம்.

“அதுக்கு நீங்க என்ன சொன்னீங்கன்னு ஸ்டான் கேட்டாரே, அது எங்க?”

கிரஹாம் சங்கடமாக நெளிந்தார். “அது கதையைக் குழப்புது ரீட்டா. வாசகர் யார் பக்கம் நிக்கிறதுன்னு தெரியாமப் போயிடுவார்.”

“சனிக்கிழமையும் நீங்க அதைத்தான் வெட்டினீங்க. அப்ப அந்தம்மாவைக் கெட்டவளாக்க வெட்டினீங்க, இப்ப நல்லவளாக்க வெட்டுறீங்க. வெட்டுற எடம் மட்டும் மாறவே இல்ல.”

அரசியலைப் புரிந்துகொள்ள அனுபவம் மட்டும் போதாது, பார்வையும் வேண்டும் என்று கிரஹாம் தொடங்கினார். அவள் அதற்குள் பெவ்வின் மேசைப் பக்கம் நடந்துவிட்டாள். பெயர் மறுபடியும் எடுக்கப்பட்டது.

மறுநாள் அவளை அரசியல் செய்தியிலிருந்து எடுத்துவிட்டார்கள். பத்திரிகையை எதிர்த்து மூன்றாம் முறை எது செய்தாலும் வேலையே இருக்காது என்று கிரஹாம் எழுத்திலேயே கொடுத்தார். அவளுக்குக் கிடைத்தது, விலங்குகள் காப்பகத்தில் தத்துக்குக் காத்திருக்கும் நாய் பூனைகளைப் பற்றி வாராவாரம் எழுதும் பக்கம். ரீட்டா போய், ஒற்றைக் கண் நாய் ஒன்றைப் பார்த்து, அது கடிக்கும் என்பதையும் சேர்த்து எழுதினாள். அன்றே அதை ஒருவர் தத்தெடுத்துப் போனார். செய்தியில் அவள் பெயர் போட்டிருந்தது.

ஸ்டான் வீட்டுப் புல்வெளியில் இரண்டு தொலைக்காட்சி வண்டிகளும் சக்கரத் தடம் பதித்துவிட்டுப் போயிருந்தன. ஒன்றில் அவர் அதிகாரத்தை எதிர்த்து நின்ற எளிய மனிதர். மற்றதில் யாரோ காசு கொடுத்து அனுப்பிய ஆள். இரண்டிடமும் அவர் சொன்னது ஒன்றே: அந்த அம்மா ஃபோனில் என்ன பதில் சொன்னார் என்று எனக்குத் தெரிய வேண்டும். இரண்டும் அதைப் போடவில்லை.

ரீட்டா பார்க்கப் போனபோது ஸ்டான் ஐரீனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். “என் மூஞ்சியத் திருப்பித் திருப்பிக் காட்டுறாங்க. வாய மட்டும் அமுக்கிட்டாங்க” என்றார். “நீ எழுதுவேன்னு நெனச்சேன் ரீட்டா.”

எழுதினேன் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் இருந்துவிட்டாள். வராத செய்தியை எழுதினால் என்ன, எழுதாவிட்டால் என்ன.

அடுத்த வெள்ளிக்கிழமை பிராண்ட் மறுபடியும் வருவதாக அறிவிப்பு வந்தது. இம்முறை இரண்டு தொலைக்காட்சிகளும் வரும். கிரஹாமும் வருவார். நாய் பூனைப் பக்கத்தில் இருப்பவர்கள் அரசியல் நிகழ்ச்சிகளில் கேள்வி கேட்கக் கூடாது என்று அவர் ரீட்டாவுக்கு நினைவூட்டினார். மீன் பரிமாறக் கூடாது என்று சொல்லவில்லை. ஊரில் எல்லோரும் முறை வைத்துப் பரிமாறுவார்கள். அந்த வாரம் பெவ்வின் முறை. பெவ் தன் முறையையும் சமையல் மேலங்கியையும் ரீட்டாவுக்குக் கொடுத்துவிட்டு, தனக்கு முதுகுவலி என்று எல்லோரிடமும் உற்சாகமாகச் சொல்லித் திரிந்தாள்.

ஹார்ஸ்லியின் மீன் வரிசைக்கு ஒரு வழக்கம் உண்டு. மீனை வைத்ததும் பரிமாறுபவர், கூட வைக்க மக்ரோனியா, முட்டைக்கோஸா என்று கேட்பார். பதில் சொல்லாதவருக்குத் தட்டு கைக்கு வராது. ஆளுநர் வந்தாலும் பாதிரியார் வந்தாலும் அப்படித்தான். பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுக்கத் தொடங்கிவிடுவார்கள்.

கேமரா விளக்குகளுக்கு நடுவே பிராண்ட் வந்து நின்றார். ரீட்டா மீனை வைத்தாள்.

“மக்ரோனியா, கோஸா?”

“மக்ரோனி” என்றார் பிராண்ட், கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி.

ரீட்டா மக்ரோனியை வைத்தாள். பிராண்ட் தட்டைப் பிடித்தார். ரீட்டா விடவில்லை.

“கார் இல்லையான்னு அந்தக் கம்பெனிக்காரர் கேட்டாரே. அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?”

உதவியாளர் ஒருவன் பாய்ந்து வந்து, இன்று கேள்விகள் கிடையாது என்றான்.

“இங்க கேள்வி கேக்காம யாருக்கும் தட்டு தர்றதில்ல தம்பி. இப்பக்கூட ஒண்ணு கேட்டேன், மக்ரோனின்னு நல்லாத்தான் பதில் சொன்னாங்க.”

பிராண்ட் சிரிப்பு மாறாமல், இந்தத் தொகுதியின் ஒவ்வொரு குடும்பத்துக்காகவும் தான் போராடுவதாகச் சொன்னார்.

“அதை அவர்கிட்ட சொன்னீங்களா?”

பிராண்ட் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். கிரஹாம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, பத்திரிகையாளர் நடுநிலை தவறக் கூடாது என்று அவள் காதருகே சீறினார். “நான் நாய்க்குட்டிப் பக்கம் கிரஹாம்” என்றாள் ரீட்டா, தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். வரிசையின் பின்னாலிருந்து ஒரு ஆண்குரல், பதிலைச் சொல்லிவிட்டு நகரச் சொன்னது, மீன் ஆறுகிறதாம். அந்தக் குரல் பிராண்டுக்கு வாக்களிக்கும் ஆளுடையதா, எதிராளுடையதா என்று சொல்ல முடியாது. பசித்த ஆளுடையது.

ஸ்டான் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை. பிராண்ட் அவரைப் பார்த்தார். காகிதத் தட்டின் இரண்டு விளிம்புகளையும் இரண்டு பெண்கள் பிடித்திருந்தார்கள். நடுவில் எண்ணெய் ஊறிக்கொண்டிருந்தது. பிறகு பிராண்டின் முகத்திலிருந்து அந்தச் சிரிப்பு இறங்கியது. அது இல்லாமல் பார்க்கையில் அவர் சோர்ந்துபோன, சாதாரணமான ஒரு பெண்ணாக இருந்தார்.

“புரியுது சார்னு சொன்னேன்” என்றார் மெல்ல. “நேரம் ஒதுக்கினதுக்கு நன்றின்னு சொன்னேன். ஃபோனை வச்சிட்டேன்.”

ஸ்டான் கையிலிருந்த முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

“அடுத்த தடவ ஃபோன் போடுறப்ப என்னையும் கூப்பிடுங்கம்மா” என்றார் ஸ்டான். “ஐரீனுக்குப் பேச முடியாது. எனக்கு முடியும்.”

ரீட்டா தட்டை விட்டாள். அன்று பிராண்ட் உட்கார்ந்து மீன் முழுவதையும் தின்றார். அதுவும் எந்தச் செய்தியிலும் வரவில்லை.

வந்தது வேறு. இரண்டு பெண்களும் ஒரே தட்டைப் பிடித்திருக்கும் காட்சியை இரண்டு தொலைக்காட்சிகளும் காட்டின. ஒன்று, பிளவுண்ட நாட்டில் ஒரு நெகிழ்ச்சியான தருணம் என்றது. மற்றது, மக்கள் பிரதிநிதிக்குச் சோறு மறுத்த வெறுப்பு அரசியல் என்றது. இரண்டிலும் பின்னணியில் வயலின் வாசித்தார்கள். யார் பேசியதும் கேட்கவில்லை.

ரீட்டா எழுதினாள். கேள்வி, பதில், ஸ்டான் சொன்னது. இம்முறை கேட்காமலே மேலே தன் பெயரையும் போட்டுக் கொடுத்தாள். கிரஹாம் படித்துவிட்டு, பரிமாறியவரே செய்தி எழுதுவது அறமல்ல என்றார். அவர் கழுத்துப்பட்டைகள் இரண்டுமே நாற்காலி முதுகில் தொங்கின. நீங்கள் இரண்டு தொலைக்காட்சியில் இரண்டு விதமாகப் பேசியது எந்த அறம் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் ஞாயிற்றுக்கிழமை அது கட்டுரையாக வந்துவிடும்.

சனிக்கிழமை மதியம் தீயணைப்பு நிலைய வாசலில், நெடுஞ்சாலையைப் பார்த்து நிற்கும் அறிவிப்புப் பலகையின் மேல் ஏணி சாய்ந்திருந்தது, ஏணியில் ரீட்டா நின்றிருந்தாள். தீயணைப்பு நிலையத்தில் ஏணிக்கா பஞ்சம். பலகையில் எழுத்துகளைக் கையால் ஒவ்வொன்றாக மாட்ட வேண்டும். எழுத்து போதாமல் மீன் விலையையும் நேரத்தையும் கழற்ற வேண்டியிருந்தது. நிலையத் தலைவர் முதலில் யோசித்தார். பிறகு, மீன் எப்போது கிடைக்கும் என்று ஊருக்குத் தெரியும், இது தெரியாது என்றார். ஸ்டான் கீழே நின்று எழுத்துகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

கிரஹாமின் கார் வந்து நின்றது. யாரோ சொல்லியிருக்க வேண்டும். இறங்கி, கையை நிழலாக வைத்துக்கொண்டு மேலே பார்த்தார்.

“ஸ்டாண்டர்டில் வேலை பாக்குறவங்க பொது இடத்துல கருத்து எழுதக் கூடாது ரீட்டா.”

“கருத்து எங்க இருக்கு? படிச்சுப் பாருங்க.”

அவர் படித்தார். மருத்துவமனைக்காரரிடம் என்ன சொன்னீர்கள் என்று முதல் வரி. புரியுது சார், நன்றி என்று இரண்டாம் வரி, பிராண்டின் பெயரோடு. ஒரு உரிச்சொல்கூட இல்லை. வீராங்கனையும் இல்லை, கொடியவளும் இல்லை. கிரஹாம் அதில் எங்காவது ஒரு பக்கச் சார்பு கிடைக்குமா என்று தேடினார். அவருடைய உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன.

சாலையில் ஒரு லாரி வேகத்தைக் குறைத்தது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, படித்துவிட்டுப் போனான்.

“பேரும் போடப் போறியா?” கிரஹாமின் குரலில் இப்போது விளக்கு இல்லை. “நான் எழுத்துல கொடுத்திருக்கேன். வேலை போயிடும்.”

“தெரியும். அதைத்தான் இப்ப மாட்டப் போறேன்” என்றாள் ரீட்டா.

ஸ்டான் பெட்டியைக் கிளறி அவள் பெயரின் முதல் எழுத்தை எடுத்து நீட்டினார். ஒரு மூலை உடைந்திருந்தது. அவள் அதைச் சட்டையில் துடைத்து, கீழ் வரியில் மாட்டி, நேராக இருக்கிறதா என்று கேட்டாள்.

“கொஞ்சம் இடது பக்கம்” என்றார் ஸ்டான்.

“வலது பக்கம்” என்றார் கிரஹாம், பழக்கத்தில்.

அவள் இருவர் சொன்னதையும் கேட்கவில்லை. எழுத்து ஆணியில் உறுதியாக உட்கார்ந்திருக்கிறதா என்று தட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த எழுத்துக்காகக் கீழே கையை நீட்டினாள்.